கல் யானைக்குப் பாகன்

ராஜா கேசரிவர்மருக்கு யானை என்றால் உயிர். அதனால் அவர் தலைநகரில் பாகர் கலாசாலை ஒன்று கொடிகட்டிப் பறந்தது. அதில் சேர வேண்டுமானால் வீட்டுக் கறவைப் பசுவை ஓட்டி வந்து அங்கே கட்டிவிட வேண்டும். படிப்பு முடிந்தால் பட்டமும் பட்டுத்துண்டும் தருவார்கள்.

அந்தப் பட்டுத்துண்டிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு சபைக்கு வந்தான் கொம்பையா.

"பட்டம் வாங்கிட்டேன் மகாராஜா. யானைகிட்டப் போகத்தான் பயமா இருக்கு! கலாசாலையில இருக்கிறது ஒரே ஒரு கல் யானை. படிப்பு பூரா அதுமேல ஏறினோம், இறங்கினோம். எனக்கு யாரு வேலை குடுப்பா? வீட்டுல தங்கச்சி பாலுக்கு அழுவுது. ஒண்ணு தொழிலைக் கத்துக்குடுக்கட்டும், இல்ல எங்க பசுவைத் திருப்பிக் குடுக்கட்டும்."

கலாசாலைத் தலைவர் கஜசிம்மனார் தொப்பையைத் தடவிக்கொண்டார். "எங்கள் போதனையில் குறையே கிடையாது பிரபு. வித்தை வரவில்லை என்றால் அது படிக்கிறவன் குற்றம்!"

இதற்கு என்ன தீர்ப்புச் சொல்வது? ராஜா திருதிருவென்று விழித்தார். விகடக்காரி செவந்தியைப் பார்த்தார்.

செவந்தி வீட்டிலும் பால்குடிப் பிள்ளை உண்டு. அவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. முகத்தில் மட்டும் சிரிப்பு.

"நாளைக்குக் கலாசாலை ஆண்டுவிழா ஊர்வலமாச்சே! ஐயா வழக்கம்போல அம்பாரியில வருவாரு. அதுக்கு அரண்மனைப் பாகன் எதுக்கு மகாராஜா? ஐயா பட்டம் குடுத்த பிள்ளையே ஓட்டட்டும். ஐயாவுக்குத்தானே பெருமை!"

சபையே கைதட்டியது. கஜசிம்மனார் தலையை ஆட்டிவைத்தார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வார்?

மறுநாள் ஊரே தெருவில் கூடியது. பட்டத்து யானையின் கழுத்தில் கொம்பையா நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்னால் அம்பாரியில் கஜசிம்மனார், அவனைவிட மோசமாக நடுங்கிக்கொண்டு.

"டேய், யானையை நிறுத்தவாவது தெரியுமா உனக்கு?"

"நல்லாத் தெரியும் ஐயா. 'நில்லு'ன்னா நிக்கும். நம்ம யானை ஒரு நாளும் பேச்சைத் தட்டினதில்ல."

"'நட'ன்னு சொன்னா?"

"அதுக்கும் நின்னுச்சு ஐயா."

அந்த நேரம் பார்த்து யானை சும்மா ஒரு காதை ஆட்டியது. அவ்வளவுதான்! கஜசிம்மனார் அலறினார்.

"ஐயோ, இறக்குங்க என்னை! தொழில் தெரிஞ்ச பாகனைக் கூப்பிடுங்க!"

"இவரும் தெரிஞ்சவர்தானே ஐயா? நீங்கதானே பட்டம் குடுத்தீங்க!" கீழேயிருந்து கேட்டாள் செவந்தி.

"அந்தப் பட்டத்தை நம்பி உயிரை விடச் சொல்றியா?"

ஊரே கேட்டது. ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் காதுவரை சரிந்தது.

"போதும் ஐயா, தீர்ப்பை நீரே சொல்லிவிட்டீர்! எல்லாப் பசுக்களையும் அவரவர் வீட்டுக்கு ஓட்டுங்கள். பிள்ளைகள் இனி அரண்மனை யானைக் கொட்டாரத்தில், நிஜ யானையிடம் தொழில் பழகட்டும்."

ஏணி வைத்து இறக்கப்பட்ட கஜசிம்மனார் கைகளைப் பிசைந்தார். "பிரபு! எல்லாப் பசுவும் போய்விட்டால் நான் பாலுக்கு எங்கே போவேன்?"

"கவலைப்படாதீங்க ஐயா," என்றாள் செவந்தி. "சிற்பிகிட்டச் சொல்லி அழகா ஒரு கல் பசு செஞ்சு தர்றேன். பால் வரலைன்னா பசுமேல பழி போடாதீங்க. அது கறக்கிறவர் குத்தம்!"