ஏணியில் தொங்கிய விரால் முள்

தென்னங்குருத்தை நார் நாராகக் கிழித்துக்கொண்டே சொல்கிறேன், கேளுங்கள். பொழுது சாய்வதற்குள் நூறு நார் வேண்டும். எதற்கு இத்தனை நார் என்பது கதை போகப் போக உங்களுக்கே தெரிந்துவிடும். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் நான். அதனால் உங்கள் முகத்தைப் பார்க்காமல் ஓலையைப் பார்த்தே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

இந்த ஆறு இன்றைக்கு ஓடுவதைப்போல இரண்டு மடங்கு அகலமாக ஓடிய காலம் அது. சுமத்திராத் தீவில், ஆறு போய்க் கடலில் விழுகிற இடத்தில், ஒரு ராஜா கோட்டை கட்டி ஆண்டான். அவனுக்கு யானை இருந்தது. கப்பல் இருந்தது. கல்லால் கரை கட்டிய மீன்குளமும் இருந்தது. குளத்துக்கு இரும்புக் கதவு, கதவுக்கு நாற்பது காவல்காரர்கள்.

அந்தக் கோட்டையிலிருந்து ஏழு நாள் துடுப்புப் போட்டு மேலே வந்தால் எங்கள் ஊர். லுபுக் ரம்பாய் என்று பெயர். லுபுக் என்றால் இந்த ஊர்ப் பேச்சில் மடு. ரம்பாய் என்பது கொத்துக் கொத்தாகக் காய்க்கிற ஒரு புளிப்புப் பழம். ஆற்று மடுவின் கரையில் அந்த மரம் நின்றதால் ஊருக்கு அந்தப் பெயர்.

ஊர் என்றால் பெரிய ஊர் ஒன்றும் இல்லை. இருபத்தேழு வீடு. எல்லாம் மரக்கால் மேல் நிற்கிற வீடு. ஏறி இறங்க வீட்டுக்கு ஒரு ஏணி. அந்த இருபத்தேழு வீட்டுக்கும் யானையைவிட, கப்பலைவிடப் பெரிய சொத்து ஒன்று இருந்தது. அதுதான் மடு.

ஆற்றோட்டத்தில் மடுவுக்கு மேல்பக்கம் ஒரு பிரம்புக் கயிறு, கீழ்ப்பக்கம் ஒரு பிரம்புக் கயிறு. கரைக்குக் கரை இழுத்துக் கட்டி, அதில் தென்னங்குருத்து நாரைத் தொங்கவிடுவார்கள். இரண்டு கயிற்றுக்கும் நடுவில் யாரும் வலை வீசக்கூடாது, தூண்டில் போடக்கூடாது, கூடை வைக்கக்கூடாது. வருஷத்துக்கு ஒரு நாள்தான் மடு திறக்கும். அன்றைக்கு ஊரே தண்ணீரில் இறங்கி மீன் பிடிக்கும். முதல் பங்கு புருஷன் இல்லாத பெண்களுக்கு. இரண்டாவது பங்கு அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளுக்கு. பிறகு மற்ற வீடுகளுக்கு. மடுவைப் பார்த்துக்கொள்கிற தலைவர் வீட்டுக்குக் கடைசிப் பங்கு. அது முடிந்ததும் மறுபடி கயிறு கட்டிவிடுவார்கள்.

ஒரு வருஷம் ராஜா படகில் மேலே வந்தான். எங்கள் மடுவில் படகு நுழைந்ததும் துடுப்பு தண்ணீரில் இறங்கவில்லை, மீன் முதுகில்தான் இறங்கியது. அப்படி மீன்.

ராஜா தலைவரைக் கூப்பிட்டான். தலைவர் பெயர் பாங்கிரான். நல்ல மனுஷர், ஆனால் ஊர்ப் பெருமை பேச ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும்.

"இந்த மடுவுக்குக் காவல் யாரு?" என்று கேட்டான் ராஜா.

"யாரும் இல்லைங்க, துவான்கு." இந்த ஊரில் ராஜாவைத் துவான்கு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"வேலி?"

"அதோ, கயிறு."

"அந்தக் கயித்தை ஒரு வாத்து தாண்டுமே?"

"வாத்து தாண்டுங்க. எங்க ஊர்க்காரன் தாண்டமாட்டான்."

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "ஒரு படகு நிறைய உப்பு தரேன். மடுவை இன்னைக்குத் திற" என்றான்.

"திறக்கிற நாள் வரலைங்க."

"பன்னெண்டு இரும்புக் கத்தி தரேன்."

"திறக்கிற நாள் வரலைங்க."

"வீட்டுக்கு ஒரு பட்டு தரேன்."

பாங்கிரான் பட்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "நாள் வரலைங்க, துவான்கு. நாள் வந்தா உங்களுக்கும் ஒரு மீன் உண்டு. ஆனா எல்லாருக்கும் அப்புறம்தான்."

ராஜா சிரித்தான். சிரிப்பு பல்லில் மட்டும் இருந்தது. "சரி. மூணு மாசத்துக்குள்ள சொல்லாம கொள்ளாம வருவேன். இந்த மடு மீனோட ஒரே ஒரு முள்ளு, ஏதாவது ஒரு வீட்டுல கிடைச்சாலும் மடு எனக்கு. கிடைக்கலன்னா, உங்க ஊரைத் தாண்டும்போதெல்லாம் என் படகுக்காரங்க துடுப்பைத் தூக்கிக் கும்பிட்டுட்டுத்தான் போவாங்க. சம்மதமா?"

"சம்மதம்" என்றார் பாங்கிரான். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து நெஞ்சை நிமிர்த்தி மனைவியிடம் சொன்னார். அவள் பெயர் சாரிபா. அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுவதை நிறுத்தினாள்.

"பேசிட்டு வந்துட்டீங்க. மாயாங் வயித்தைப் பாத்தீங்களா?"

"மாயாங் வயித்துக்கும் மடுவுக்கும் என்ன…" என்று ஆரம்பித்தவர், அப்படியே ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

என்ன விஷயம் என்றால், இந்த ஊரில் ஒரு வழக்கம். மடு பூட்டியிருக்கும்போதும், பிள்ளை பெற்றவளுக்கு மட்டும் ஊரே ஒரு விரால் பிடித்துக் கொடுக்கும். விரால் தின்றால் புண் ஆறும், பால் ஊறும். தின்ற பிறகு முதுகு முள்ளை நாரில் கட்டி அவள் வீட்டு ஏணியில் தொங்கவிடுவார்கள். போகிற வருகிறவர்கள் அதைப் பார்த்து, 'இந்த வீட்டுத் தாய்க்கு ஊர் சாப்பாடு போட்டிருக்கிறது' என்று தெரிந்துகொள்வார்கள். இதை மடுவில் மீன் எடுப்பதாகவே அவர்கள் நினைத்தது கிடையாது. மூச்சு விடுவதை யாராவது வேலை என்று கணக்குச் சொல்வார்களா? அதனால்தான் பந்தயம் கட்டும்போது தலைவருக்கு அது நினைவுக்கே வரவில்லை.

மாயாங் ஊரிலேயே கூச்சக்காரி. அவள் பேசினால் பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும். அவள் புருஷன் மரம் அறுக்க மலைக்குப் போயிருந்தான். அந்த மாதம் மழை பொய்த்தது. ஆறு ஒட்டிப்போய்க் கல்லெல்லாம் வெளியே தெரிந்தது. அந்த நேரத்தில் மாயாங்குக்குப் பெண்குழந்தை பிறந்தது. குழந்தை பிறந்தது, பால் வரவில்லை. அது அழுத அழுகை இருபத்தேழு வீட்டுக்கும் கேட்டது.

கயிற்றுக்கு வெளியே மீன் பிடித்துப் பார்ப்போம் என்று ஆண்கள் கிளம்பினார்கள். முதல் நாள் ஒரு நண்டு கிடைத்தது. இரண்டாம் நாள் நகக்கண் அளவு இறால் கிடைத்தது. மூன்றாம் நாள் யாரோ எப்போதோ தொலைத்த கூடை கிடைத்தது, அதுவும் ஓட்டை. குழந்தையின் அழுகை அன்றைக்குச் சத்தம் குறைந்துவிட்டது. அதுதான் எல்லாருக்கும் பயமாக இருந்தது.

ஊர் கூடியது. மீனைக் கொடுத்தால் மடு போகும். மடு போனால் புருஷன் இல்லாதவளுக்கும் அப்பா அம்மா இல்லாத பிள்ளைக்கும் பங்கு போகும்.

"மீனைக் கொடுப்போம், முள்ளை ஆத்துல போட்டுடுவோம். ராஜாவுக்கு என்ன தெரியும்?" என்றார் ஒருவர்.

"அவளை அவ அம்மா ஊருக்கு அனுப்பிடுவோம். அங்க சாப்பிடட்டும்" என்றார் இன்னொருவர்.

"இன்னும் ரெண்டு நாள் பொறுப்போம்" என்றார் மூன்றாமவர்.

சாரிபா எழுந்தாள். "ரெண்டு நாள் பொறுக்கணும்னு அந்தக் குழந்தைகிட்ட யாரு சொல்லப்போறீங்க? நீங்களா? வாங்க, இப்பவே போய்ச் சொல்லுங்க."

பாங்கிரான் வலையைத் தோளில் போட்டார். "வாய் விட்டவன் நான். வலையும் நானே போடறேன்" என்றார். மடுவில் இறங்கினார். ஒரே ஒரு விரால் எடுத்தார். இரண்டாவதாக வலையில் விழுந்ததைத் திருப்பி விட்டுவிட்டார்.

விரால் குழம்பு மாயாங் வீட்டுக்குப் போனது. அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "வேணாம் அக்கா. என் ஒருத்திக்காக ஊர்ச் சொத்து போகணுமா?" என்றாள்.

சாரிபா கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். "உனக்குக் கொடுக்கக்கூடாதுன்னா அந்த மடு எங்களுக்கு எதுக்குடி? எழுந்திரு. நீயா சாப்பிடலன்னா நான் ஊட்டுவேன். என் கை பெருசு, உன் வாய் சின்னது, யோசிச்சுக்க."

மாயாங்குக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாய் திறந்தபோது முதல் கவளம் உள்ளே போய்விட்டது. மறுநாள் பால் ஊறியது. குழந்தை வாய் நிறையக் குடித்துவிட்டுத் தூங்கியது.

முள்ளை என்ன செய்வது என்று யாரும் பாங்கிரானைக் கேட்கவில்லை. அவராகவே நாரில் கட்டி, அவராகவே மாயாங் வீட்டு ஏணியில் தொங்கவிட்டார்.

முள் தொங்கிய ஐந்தாம் நாள் காலையில் ராஜாவின் படகு வந்தது. ஆட்கள் முதல் வீட்டில் பார்த்தார்கள், மரவள்ளிக் கீரை. இரண்டாம் வீட்டில் பார்த்தார்கள், மரவள்ளிக் கீரை. இருபத்தாறு வீட்டிலும் பானையில் கீரையும் உரலில் மிளகாயும்தான். கண்ணுக்கு எதிரில் அவ்வளவு மீனை வைத்துக்கொண்டு ஒரு ஊரே கீரை தின்கிறது. ராஜாவுக்கு நம்ப முடியவில்லை.

இருபத்தேழாவது வீட்டுக்கு உள்ளே போகவே வேண்டியிருக்கவில்லை. ஏணியிலேயே முள் தொங்கியது, காற்றில் ஆடிக்கொண்டு.

"இது எந்தத் தண்ணி மீன்?" என்றான் ராஜா.

"மடு மீனுங்க" என்றார் பாங்கிரான். "நான்தான் பிடிச்சேன்."

"தின்னது யாரு?"

ஏணியில் காலடிச் சத்தம் கேட்டது. மாயாங் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். "நான்தாங்க" என்றாள். ராஜாவுக்குக் கேட்கவில்லை. குனிந்து, "என்ன?" என்றான்.

"நான்தாங்க, துவான்கு." இந்தத் தடவை ஊருக்கே கேட்டது.

"பந்தயம் தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"அப்ப முள்ளை ஆத்துல எறிஞ்சிருக்கலாமே? நான் தோத்துப் போயிருப்பேனே?"

மாயாங் நிமிர்ந்து பார்த்தாள். "ஏணியில முள்ளு இல்லன்னா, பிள்ளை பெத்தவளை ஊரு பட்டினி போட்டுச்சுன்னு அர்த்தமுங்க. மடு போனா போகட்டும். அந்தப் பேரு எங்க ஊருக்கு வேணாம்."

பாங்கிரான் ஆற்றங்கரைக்குப் போய்க் கயிற்றின் முடிச்சை அவிழ்த்துக் கொண்டுவந்து, நுனியை ராஜாவின் கையில் கொடுத்தார். "மடு உங்களுதுங்க" என்றார். தலை குனியவில்லை.

"ஒண்ணு சொல்லணுமுங்க" என்றாள் மாயாங். "மடுவுக்குச் சொந்தக்காரர் கடைசியாத்தான் சாப்பிடணும். இருபத்தேழு வீட்டுக்கும் அப்புறம்."

ராஜா கையில் கயிற்றோடு நின்றான். "இனிமே இதை யாரு பாத்துக்குவா?" என்று கேட்டான்.

"உங்க ஆளுங்கதாங்க" என்றார் பாங்கிரான்.

ராஜா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தான். கயிறு அவிழ்ந்து அரைநாழிகை ஆகவில்லை, அதற்குள் ஒரு படகுக்காரன் முழங்கை வரைக்கும் தண்ணீருக்குள் கையை விட்டிருந்தான். ராஜா பார்ப்பதைப் பார்த்ததும், "கை கழுவறேன், துவான்கு" என்றான். அவன் கையில் மீன் துள்ளிக்கொண்டிருந்தது.

ராஜாவுக்குத் தன் குளத்தின் ஞாபகம் வந்தது. கல் கரை, இரும்புக் கதவு, நாற்பது காவல். போன திருவிழாவுக்குக் குளத்தை இறைத்தபோது சேறும் ஒரு தவளையும்தான் இருந்தன.

"தண்ணிதான் என் கைக்கு வரும்" என்றான் மெதுவாக. "உங்க இருபத்தேழு வீட்டு மனசு வராது. அது இல்லாம இந்த மடு நாலே நாள்ல என் குளமாப் போயிடும்." நேராகக் கரைக்குப் போனான். கயிற்றை மரத்தில் சுற்றி, தன் கையாலேயே மறுபடி கட்டினான். அவன் இடக்கைக்காரன். அதனால் முடிச்சு மற்ற முடிச்சுகளுக்கு எதிர்ப்பக்கமாக விழுந்தது.

"மடு உங்களுது. அடுத்த வருஷம் இந்த முடிச்சை யாரு போடறது?" என்று கேட்டான் ராஜா.

"நீங்களே வந்து போடுங்க" என்றார் பாங்கிரான்.

"வேணாம். ஊர்ல கடைசியாப் பிள்ளை பெத்தவ யாரோ, அவ போடட்டும். என்னை மாதிரியே இடது பக்கமாப் போடணும். நான் வந்து தோத்தது ஊருக்கு மறந்துடக் கூடாது."

போகும்போது படகுக்காரர்கள் துடுப்பைத் தூக்கிக் கும்பிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் ஊரைத் தாண்டுகிற படகுக்காரர்கள் துடுப்பைத் தூக்காமல் போவதில்லை. ஏன் என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியும்.

கேட்டுக்கொண்டீர்களா? கட்டிக் காத்த பொருளை, தேவைப்பட்டவர் கையில் தயங்காமல் எடுத்துக் கொடுக்கிற ஊர்தான் தலை நிமிர்ந்து நிற்கிற ஊர்.

நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து மூன்று வருஷம் ஆகிறது. வேற்றுப் பேச்சுக்காரி, யார் என்னைக் கண்டுகொள்வார்கள் என்று நினைத்துத்தான் வந்தேன். என் ஏணியில் இப்போது என்ன தொங்குகிறது என்று போகும்போது நீங்களே பாருங்கள். நேற்று மடு திறந்தது, இன்றைக்குக் கயிறு கட்டுகிறார்கள். அதற்குத்தான் இந்த நார். இந்த வருஷம் அந்த இடது பக்க முடிச்சைப் போடப்போவது யார் என்றால், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, அது வந்து…

"தவமணி, கயிறு வந்தாச்சு. ஊரே கரையில நிக்குது, பிள்ளையைத் தூக்கிட்டு வா."

இதோ வந்துட்டேன் அண்ணி, இந்த ஒரு நாரை மட்டும்…