அழகருக்கு அடிக்காத கொட்டு

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிக்கரையில் கூடுவது எங்கள் ஊர் வழக்கம். கோயில்காரர்கள், பள்ளிவாசல்காரர்கள், மாதா கோயில்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அவரவர் வேதத்திலிருந்து நாலு வரி சொல்வார்கள். பிள்ளைகளுக்குப் பறவைகளின் பெயர் சொல்லிக்கொடுப்பார்கள். கரையில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்கிவிட்டு, கஞ்சி குடித்துவிட்டுக் கலைவார்கள். பேச்சு கொஞ்சம் அதிகம்தான். கஞ்சி நன்றாக இருக்கும்.

கூட்டத்தை நடத்துவது நல்லதாயி. மடைக்குப் பக்கத்தில் குடில் போட்டுத் தனியாக இருக்கிறவர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் தாடி நரைத்த ஆட்களும் 'தாயி' என்றுதான் கூப்பிடுவார்கள். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார் என்று அவர்மேல் யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அவருக்குச் சீடர் என்று ஒரே ஒருவர். மைக் செட் கடை சங்கிலி. குருவைவிட வயதில் ரொம்ப மூத்தவர். அதனால் குரு அவரை 'அண்ணே' என்பார், சீடர் குருவைத் 'தாயி' என்பார். பார்க்க வேடிக்கையாக இருக்கும். யாரும் சிரித்ததில்லை.

ஐப்பசியில் ஏரிக்கு நாரைகள் வரும். தண்ணீருக்குள் நிற்கிற கருவேல மரங்களில் கூடு கட்டும். வேட்டோ கொட்டோ கேட்டால் போதும், தாய்ப் பறவை அலறி எழுந்துவிடும். அது திரும்பி வந்து உட்காருவதற்குள் காக்கை குஞ்சைத் தூக்கிவிடும். பல வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தோம். ஒரு கூட்டத்தில் சங்கிலிதான் எழுந்து சொன்னார்.

"சத்தம் போட்டுப் பிழைக்கிறவன் நானே சொல்றேன். நாரை இருக்கிற வரைக்கும் நம்ம வாயைக் கட்டுவோம். எல்லாத்தையும் என் கடையில வச்சுப் பூட்டுங்க."

அப்படியே செய்தோம். கோயில் கொட்டு, பள்ளிவாசல் ஒலிபெருக்கி, மாதா கோயில் மணியின் நாக்கு மூன்றும் சங்கிலி கடைக்குள் போயின. கடையைப் பூட்டிச் சாவியைத் தாயியிடம் கொடுத்தோம். பங்குனியில் நாரை போன பிறகுதான் திறப்பு என்று பேச்சு. மோதினார் பள்ளிவாசல் வாசலில் நின்று வெறும் வாயால் பாங்கு சொன்னார். மாதா கோயில் உபதேசியார் தெருத்தெருவாக நடந்து பூசைக்குக் கூப்பிட்டார். தீபாவளிக்கு ஒரு ஓலை வெடிகூட இல்லை.

அந்த ஏற்பாட்டைப் பேசியபோது தீபாவளியை நினைத்தோம், கந்தூரியை நினைத்தோம், கிறிஸ்துமஸை நினைத்தோம், கல்யாணத்தைக்கூட நினைத்தோம். சாவை ஒருத்தரும் நினைக்கவில்லை.

தை பிறந்து கொஞ்ச நாளில் சங்கிலியின் மகன் அழகர் பைபாஸ் ரோட்டில் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை. ஊரில் எந்த விசேஷம் என்றாலும் முதலில் கேட்பது அவன் குரல்தான். 'ஹலோ, மைக் டெஸ்ட், ஒண்ணு, ரெண்டு, மூணு' என்பான். மூணோடு நிறுத்தமாட்டான். எதிரில் சின்னப் பிள்ளை யாராவது நின்றால் அதன் பெயரையும் சேர்த்துச் சொல்லுவான்.

பிணத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சங்கிலியின் மச்சினன் மலைச்சாமி ஒரு சாக்கு நிறைய வேட்டோடு வந்து இறங்கினான்.

"மச்சான், கடையைத் திறங்க. கொட்டை எடுக்கணும்."

சங்கிலியின் மனைவி பஞ்சவர்ணம் மகனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளும் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, வேட்டு வேணாம். கொட்டு மட்டும் அடிக்கச் சொல்லுங்க."

சங்கிலி எழுந்து குடிலுக்குப் போனார்.

"தாயி, எம் புள்ள போயிட்டான்."

நல்லதாயி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை.

"கொட்டு வேணும்ங்குறா அவ. நான் என்ன செய்ய?"

"சாவைப் பத்தி நாம பேசவே இல்லையே, அண்ணே. அது நம்ம எல்லார் தப்பும்தான்." சாவியை எடுத்து நீட்டினார். "இந்தாங்க."

சங்கிலி வாங்கவில்லை.

"கூடு நிறையக் குஞ்சு இருக்கு தாயி. நேத்துக்கூடப் பார்த்தேன்."

"இருக்கு."

"கொட்டுச் சத்தம் கேட்டா தாயெல்லாம் எந்திரிச்சிரும்."

"எந்திரிச்சிரும்."

"நீங்களே சொல்லிருங்க. வேணாம்னா வேணாம்."

"அவங்க ஏன் கொட்டு கேக்குறாங்கன்னு கேட்டீங்களா?"

பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் ஏன் எதற்கென்று கேட்பார்களா என்று சங்கிலி நினைத்தாரோ என்னவோ. சாவியை அவர் கையிலேயே விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்.

"கொட்டு வேணாம். நான் சொன்ன சொல்லை நானே மீறக்கூடாது."

மலைச்சாமி கத்தினான். "அநாதைப் பொணமா மச்சான் இது?" பெரியவர்கள் அவனை அடக்கினார்கள். பஞ்சவர்ணம் மகன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஊர்வலத்தை நாங்கள் மறக்கமாட்டோம். பள்ளிவாசல் ஆட்கள் தொப்பியோடு வந்தார்கள். மாதா கோயில் ஆட்கள் வந்தார்கள். பள்ளிவாசல் பெரியவர் சிக்கந்தர் பாய் பாடைக்குத் தோள் கொடுத்தார். அத்தனை பேர் நடந்தும் செருப்புச் சத்தம்தான். ஏரியில் ஒரு நாரைகூட அசையவில்லை. மயானத்தில் மண்ணைப் போட்டுவிட்டு எல்லோரும் சங்கிலியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இப்படி ஒரு மனுஷன் உண்டா என்றார்கள். எங்களுக்கே பெருமையாக இருந்தது, உண்மையைச் சொன்னால்.

திரும்பி வந்ததும் பஞ்சவர்ணம் தம்பியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எப்பப்பா மண்ணு போட்டீங்க?"

"அப்பவே போட்டாச்சுக்கா."

"எனக்குத் தெரியலையே."

அதோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அழவும் இல்லை. சங்கிலி அப்போது வாசலில் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் அது விழுந்தது, மனதில் விழவில்லை.

அடுத்த கூட்டத்தில் அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். அந்த வருஷம் குஞ்சுகள் அப்படிப் பெருகியிருந்தன, மரம் தெரியவில்லை. சங்கிலி பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கூட்டம் கலைந்ததும் குடில் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"தாயி, ஊரே கும்பிடுது. வீட்டுல ஒரு வார்த்தை இல்ல. சோத்தை வைக்கிறா, போயிடுறா. நான் செஞ்சது தப்பா?"

நல்லதாயி வந்து அவர் எதிரில் நின்றார்.

"தப்புன்னா தப்புன்னு சொல்லிருங்க. தாங்கிக்குவேன்."

"கண்ணை மூடிக்கங்க, அண்ணே."

"எதுக்கு?"

"நான் இங்கேருந்து கிளம்பி நடக்கப்போறேன். எங்க போய்க்கிட்டிருக்கேன்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்கிட்டே இருக்கணும். நான் போய்ச் சேர்ந்ததும் கண்ணைத் திறங்க."

சங்கிலி கண்ணை மூடினார். அந்த அம்மாள் வெறுங்காலோடு மணலில் நடக்கிறவர். முதல் இரண்டு அடி கேட்டது. பிறகு ஒன்றும் இல்லை. சங்கிலி கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மூடிய கண்ணோடு. மடைப்பக்கம் போகிறாரோ என்று நினைத்தார். கரை மேலே ஏறிவிட்டாரோ என்று நினைத்தார்.

"தாயி!"

பதில் இல்லை.

"தாயி, போய்ச் சேர்ந்துட்டீங்களா? எங்க இருக்கீங்க?"

ஏரிப்பக்கம் குஞ்சுகள் கத்திக்கொண்டிருந்தன. இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அதற்கு மேல் பொறுக்க முடியாமல் கண்ணைத் திறந்தார். நல்லதாயி எங்கோ கரைக்கு அந்தப் பக்கம், மயானத்துப் பாதையில் நின்றுகொண்டிருந்தார். நின்று ரொம்ப நேரம் ஆகியிருந்தது.

சங்கிலிக்கு அப்போதுதான் உறைத்தது.

எங்கள் பக்கம் பெண்கள் மயானத்துக்குப் போவதில்லை. தெருமுக்கோடு நிறுத்திவிடுவார்கள். திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்து கொட்டுச் சத்தத்தைக் கேட்பார்கள். சத்தம் முக்குத் திரும்புவது தெரியும், பள்ளிவாசலைத் தாண்டுவது தெரியும், கரை மேல் ஏறுவது தெரியும். மயானத்தில் போய்க் கொட்டு நிற்கும். நின்றால் மண் போடுகிறார்கள் என்று அர்த்தம். அப்போதுதான் வீட்டில் இருக்கிறவர்கள் வாய்விட்டு அழுவார்கள். அதுவரைக்கும் பிள்ளையோடு அவர்களும் போய்க்கொண்டுதான் இருப்பார்கள்.

சத்தத்தை வைத்தே பிழைப்பு நடத்திய சங்கிலிக்கு இது தெரியாமல் இல்லை. தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பொன்னாடையில் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். நல்லதாயி திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"என் புள்ளையை நான் மயானம் வரைக்கும் கொண்டுபோய் விட்டுட்டேன், தாயி. அவ இன்னும் தெருமுக்குலயே நிக்கிறா."

"ஆமா, அண்ணே."

"இப்ப நான் என்ன செய்ய?"

"குஞ்சு பறக்கட்டும்."

பங்குனிக் கடைசியில் நாரைகள் போய்விட்டன. கருவேல மரங்களில் வெறும் கூடுகள் இருந்தன. கடை திறக்கிற அன்று காலை ஊரே கூடியிருந்தது. தாயி சாவியைச் சங்கிலியிடம் கொடுத்தார். அவர் கதவைத் திறந்து ஓரமாக நின்றுகொண்டார்.

முதலில் உள்ளே போனவர் சிக்கந்தர் பாய். பள்ளிவாசல் ஒலிபெருக்கியைத் தொடவில்லை. கோயில் கொட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கொட்டுக்காரர் கையில் கொடுத்தார்.

"முதல்ல அழகருக்கு. நாங்க எல்லாம் அப்புறம் எடுத்துக்குறோம்."

உபதேசியார் மணியின் நாக்கைக் கையில் எடுத்தவர், அப்படியே கீழே வைத்துவிட்டார்.

எல்லோரும் சங்கிலி வீட்டுக்கு நடந்தோம். பஞ்சவர்ணம் வாசலில் உட்கார்ந்திருந்தாள். சங்கிலி அவள் முன்னால் போய் நின்றார். அன்றைக்குக் கேட்காததை இப்போது கேட்டார்.

"அடிக்கச் சொல்லட்டுமா?"

அவள் கொட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேசினாள். மகன் போன பிறகு புருஷனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"மெதுவா நடக்கச் சொல்லுங்க. அன்னைக்கு அவசர அவசரமாத் தூக்கிட்டுப் போயிட்டீங்க."

கொட்டுக்காரர்கள் கிளம்பினார்கள். பிணம் இல்லை, பாடை இல்லை. மலைச்சாமி ஒரு மாலையை மட்டும் கையில் ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தான். பெண்கள் பஞ்சவர்ணத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சிக்கந்தர் பாய் வீட்டுப் பெண்களும் வந்திருந்தார்கள். ஆண்கள் தெரு ஓரமாக நின்றோம்.

"முக்குத் திரும்பிட்டாங்க," என்றாள் பஞ்சவர்ணம்.

கொட்டு நகர்ந்துகொண்டே போனது.

"பள்ளிவாசல் வந்துருச்சு."

கொஞ்ச நேரம் சத்தம் அமுங்கியது. அவள் கையை ஊன்றி எழப்போனாள்.

"கரை ஏறுறாங்க. பார்த்துப் போகச் சொல்லுங்கப்பா, அங்க மேடு."

பிறகு கொட்டு தூரத்தில் மெல்ல மெல்லக் கேட்டது. அவள் உதடுகள் அசைந்தன. ஒண்ணு, ரெண்டு, மூணு என்று அவள் சொன்னது பக்கத்தில் இருந்த பெண்களுக்குக் கேட்டிருக்கிறது.

கொட்டு நின்றது.

"ஐயோ, எஞ்சாமி!"

அப்படி ஒரு அழுகையை நாங்கள் கேட்டதில்லை. தை மாதத்திலிருந்து அடைத்துக் கிடந்தது அத்தனையும் வந்தது. தெருவே அழுதது. மோதினார் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வேட்டுக்காகக் கத்தின மலைச்சாமி மயானத்தில் தரையில் விழுந்து அழுததாகப் பிறகு சொன்னார்கள்.

சங்கிலி வேலி ஓரத்தில், ஆண்களோடு ஆணாக நின்றுகொண்டிருந்தார். உள்ளே போகத் தனக்கு என்ன உரிமை என்பது போல ஒதுங்கி நின்றார். நல்லதாயி அவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"தாயி," என்றார் சங்கிலி. "இத்தனை நாள் கழிச்சு அடிச்சிருக்கோமே. அவனுக்குக் கேட்டிருக்குமா?"

"அவனுக்கு அன்னைக்கே கேட்டிருக்காது, அண்ணே. அழுறவங்க பக்கத்துல போய் உக்காருங்க."