தவளை கத்தும்வரை

கோரைக்குட்டையின் காவல்காரன் கட்டையன் என்ற காட்டுப்பன்றி. அவனை அந்த வேலையில் வைத்தது அந்தக் காட்டு விலங்குகள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் பின்னால் அந்த விலங்குகளே இதை மறந்துபோயின.

அது கொடுமையான கோடை. ஓடைகள் வறண்டுவிட்டன. குட்டையில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் கிடந்தது. ஒருநாள் செந்நாய்க் கூட்டம் ஒன்று அங்கே வந்து மான்களை வளைத்தது. கட்டையன் கோரைப்புல்லுக்குள்ளிருந்து சீறிப் பாய்ந்தான். இரண்டு நாய்களைக் குத்தித் தூக்கி எறிந்தான். மற்றவை ஓடிப்போயின.

அன்றே விலங்குகள் கூடின. "இனிமே நீங்கதான் எங்களுக்குக் காவல், ஐயா" என்றன.

"இருக்கேன். ஆனா நான் சொன்னபடி நடக்கணும்" என்றான் கட்டையன். "கரையில யாரும் மேயக் கூடாது. மேய்ஞ்சா தண்ணி கலங்கும். குடிக்கிறதும் முறை வச்சுத்தான்."

"எதுவரைக்கும் ஐயா?" என்று கேட்டது நெடுவால் என்ற குரங்கு.

"மழைக்காலம் வர்றவரைக்கும்."

அந்தக் காட்டில் மழைக்காலம் என்றால் மழை பெய்வது அல்ல. கோடையில் ஒரு மழை பெய்து ஏமாற்றிவிட்டுப் போகும். தவளை கத்தினால்தான் மழைக்காலம். தவளை கத்திய பிறகுதான் மான்கள் மேடு விட்டு இறங்கும், மயில்கள் முட்டையிடும். ஆகவே, தவளை கத்தும்வரை கட்டையன் சொல்தான் சட்டம் என்று முடிவாயிற்று. எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது.

கட்டையன் கோரைக்குள் சேற்றைக் குடைந்து படுத்துக்கொண்டான். கரை முழுக்கக் கிழங்கு. கிளறித் தின்றான். கரையை அவன் ஒருவனே சுற்றிவர முடியாதே! முயல்களைப் பார்க்கச் சொன்னான். அதற்குக் கூலியாக ஓரத்துப் புல்லை அவை கடித்துக்கொள்ளலாம். குரங்கு மரத்தின்மேல் இருந்து அவன் உத்தரவைக் கூவிச் சொல்லும். அதற்கு நாவல்மரம் முழுக்கச் சொந்தம். முதலில் இரண்டொரு மான்கள் மேயக் கரையில் கால் வைத்து அவனிடம் குத்துப்பட்டன. அதன்பிறகு அவன் எழுந்து வரவேண்டிய தேவையே வரவில்லை. கோரைக்குள் அவனுடைய கறுத்த முதுகு தெரிந்தாலே போதும்.

கோடையின் கடைசியில் மருதி என்ற மான் ஒரு குட்டி போட்டது. மலைச்சரிவில் தீப்பிடித்துப் புல்லெல்லாம் கரிந்திருந்தது. தாய்க்குத் தீனி இல்லை. பால் சுரக்கவில்லை. குட்டி மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

ஒருநாள் மாலை வானம் கறுத்தது. பெரும் காற்றோடு மழை கொட்டியது. குட்டைப் பக்கம் ஏதோ மரம் முறிந்த சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. போய்ப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

மழை நிற்காமல் பெய்தது. ஓடைகளில் தண்ணீர் வந்தது. சில நாட்களில் குட்டைக்கரையின் வண்டலில் பசும்புல் தளதளவென்று முளைத்தது. தீப்பட்ட சரிவு அப்படியே கறுத்துக் கிடந்தது.

மருதி நாவல்மரத்தடிக்குப் போனது.

"அண்ணே, மழைதான் வந்துருச்சே. கரையில கொஞ்சம் மேய்ஞ்சுக்கிறேன். குட்டிக்குப் பால் இல்ல."

"மழை வந்தா போதுமா? தவளை கத்திச்சா?" என்றது நெடுவால்.

மருதி காது கொடுத்துக் கேட்டது. மழைச் சத்தம் மட்டும்தான்.

"ஐயாகிட்ட நீங்க ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கண்ணே."

"அவர் என்ன சொல்லுவாருன்னு எனக்குத் தெரியும். இதுக்குப் போயி அவரை எழுப்புவாங்களா?"

"எப்ப கடைசியா அவர்கிட்டப் பேசினீங்க?"

குரங்குக்குக் கோபம் வந்துவிட்டது. "அதெல்லாம் உனக்கு எதுக்கு? போ, போ. உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

மருதி தவளைகளைத் தேடி அலைந்தது. கடைசியில் குட்டைக்குப் பக்கத்திலேயே ஒரு பாறை இடுக்கில் ஒரே ஒரு தவளை உட்கார்ந்திருந்தது.

"ஏன் கத்தாம இருக்கே? உன் கூட்டம் எங்கே?"

"கூட்டம் எங்க இருக்கு தாயி? கோடையில சேத்துக்குள்ள தூங்கிக் கிடந்தோம். அவன் கிழங்கு கிளறும்போது எங்களையும் கிளறித் தின்னுட்டான். நான் மட்டும்தான் மிச்சம்."

"தெரிஞ்சேதான் தின்னானா?"

"பசிக்குத் தின்னானோ, தெரிஞ்சு தின்னானோ. தின்னுட்டான்."

"ஒரு தடவை கத்து. உனக்குப் புண்ணியமாப் போகும். என் குட்டி பொழைச்சுக்கும்."

"கத்தினா நான் எங்க இருக்கேன்னு அவனுக்குத் தெரிஞ்சுரும். என்னை விட்டுரு தாயி" என்று சொல்லி, தவளை இடுக்குக்குள் இன்னும் ஒடுங்கிக்கொண்டது. அதன்மேல் மருதியால் கோபப்பட முடியவில்லை.

திரும்பி வந்தபோது குட்டியால் தலை தூக்க முடியவில்லை. மருதி நேராகக் கரையை நோக்கி நடந்தது. வருவது வரட்டும் என்று நினைத்துவிட்டது. கட்டையன் குத்தினால் குத்தட்டும்.

ஆனால் கட்டையன் வரவில்லை. முயல்கள்தான் வந்தன. "அக்கா, வேணாம்க்கா. நீ உள்ள போனா எங்களுக்கு ஓரத்துப் புல்லு போயிரும்" என்று கெஞ்சின. மருதி அவற்றைத் தாண்டிப் போனது. அடுத்து அதன் சொந்த மந்தையே குறுக்கே வந்து நின்றது. முன்னால் நின்றது கூடப் பிறந்த அக்கா.

"நில்லு மருதி. நீ ஒருத்தி கால் வச்சா நம்ம மந்தைக்கே தண்ணி முறை போயிரும்."

சொன்ன அக்காவின் குளம்பு நனைய ஓடிக்கொண்டிருந்தது தண்ணீர். காடெங்கும் தண்ணீர். அப்போதும் தண்ணீர் முறை போய்விடுமே என்று பயந்தார்கள். இவர்களை என்ன சொல்வது?

"அக்கா, குட்டி செத்துரும்."

"எனக்கும் இந்தக் கோடையில ஒண்ணு செத்துச்சு. நான் சட்டத்தை மீறினேனா?" என்றது அக்கா. அதன் கண்ணிலும் நீர் இருந்தது. ஆனால் வழி விடவில்லை.

கரைப்பக்கமிருந்து ஒரு கெட்ட வாடை வீசியது. "என்ன நாத்தம் இது?" என்று கேட்டது ஒரு கிழமான். மரத்திலிருந்து நெடுவால் அதட்டியது. "சேத்து வாடை! ஐயா இருக்கிற இடத்தைப் பத்தி மரியாதையாப் பேசு." கிழமான் வாயை மூடிக்கொண்டது. மற்றவை மூக்கைத் திருப்பிக்கொண்டன.

மருதி தள்ளிப் பார்த்தது, முட்டிப் பார்த்தது. பலமில்லை. குட்டியிடம் திரும்பிப்போய் அதை நக்கிக்கொண்டே படுத்திருந்தது.

காலையில் குட்டி எழவில்லை.

மருதி வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு மறுபடி கரைக்கு நடந்தது. இந்தமுறை யாரும் குறுக்கே வரவில்லை. அதன் முகத்தைப் பார்க்கவே யாராலும் முடியவில்லை. அது புல்லை மிதித்துக்கொண்டு கோரைக்குள் நுழைந்து, அந்தக் கறுத்த முதுகின் அருகே போய் நின்றது.

கட்டையனின் கழுத்தின்மேல் ஒரு பெரிய புங்கங்கிளை கிடந்தது. கண்களில் எறும்பு ஊர்ந்தது. முதல் மழையன்றே செத்திருக்கிறான்.

மருதி வெளியே வந்து சொன்னது. "இவன் செத்து எத்தனையோ நாளாச்சு."

மந்தை கழுத்தை நீட்டிக் கோரைக்குள் எட்டிப் பார்த்தது. கடைசியில் ஒரு முயல் மெதுவாகக் கேட்டது, "அப்போ, மேயலாமா?"

"தவளை இன்னும் கத்தலையே" என்றது நெடுவால். எல்லாம் அப்படியே நின்றன. காவல்காரன் செத்துக் கிடக்கிறான், புல் காலடியில் இருக்கிறது, நின்றன!

பாறை இடுக்கில் இருந்த தவளைக்கு மருதி சொன்னது கேட்டிருந்தது. அது தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒருமுறை கத்தியது.

அவ்வளவுதான். மந்தை முழுவதும் கரையில் பாய்ந்தது. அக்கா ஒரு வாய் நல்ல புல்லைக் கவ்விக்கொண்டு வந்து மருதியின் முன்னால் போட்டது. மருதி அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதன் மடியில் குடிக்க இனி யாரும் இல்லை.

வயிறு நிறைந்ததும் நெடுவால் மரத்திலிருந்து பேச்சை ஆரம்பித்தது. "அடுத்த கோடைக்குச் செந்நாய் வந்தா என்ன செய்யறது? கட்டையன் மகன் ஒருத்தன் மேட்டுக்காட்டுல இருக்கானாம். அப்பனைப் போலவே முதுகாம்."

"ஆமாமா, கூட்டிட்டு வரணும்" என்றன முயல்கள். மான்கள் மென்றுகொண்டே தலையாட்டின.

மருதி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. "அவனா கரையைக் காத்தான்? நீங்கதானே காத்தீங்க" என்றது. பிறகு கரிந்த சரிவு வழியே தனியாக ஏறிப் போய்விட்டது.

ஆள்பவனின் பலத்தில் அவன் பல்லில் இருப்பது கொஞ்சம்தான். அவன் செத்த பிறகும் அவனுக்காக ஒருவரையொருவர் தடுத்து நிற்கும் நம் பழக்கத்தில்தான் மீதியெல்லாம் இருக்கிறது.