ஆற்றுக் கறையும் ஆற்றுக் கரையும்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். முத்திரை விழுந்த ஓலையை மட்டும் செத்தாலும் திரும்ப வாங்க மாட்டார். வெள்ளம் பார்க்கப் போனவர் ஆற்றங்கரையில் வழுக்கி விழுந்தார். பட்டு வேட்டி முழுக்கச் சேறு.

"இந்த ஆற்றுக் கறையை நாளை அந்திக்குள் அகற்ற ஓலை எழுதுக!" என்று கத்திவிட்டுப் பல்லக்கில் ஏறினார்.

ஓலை எழுதுபவர் திருமேனிநாதர். சபையில் விகடன் சடையாண்டிக்குக் கிடைக்கும் சிரிப்பைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிந்த மனிதர். ஒரே ஓர் எழுத்தை மாற்றி, சடையாண்டியின் பெயரையும் ஒரு தண்டனையையும் சேர்த்தார். 'ஆற்றுக் கரையைச் சடையாண்டி அகற்றுக. தவறினால் தலை போகும்.' ராஜாவும் படிக்காமலே முத்திரை குத்தினார்.

ஓலை சடையாண்டி கைக்கு வந்தது. கரைக்குக் கீழே அறுபது குடிசைகள். அவற்றில் ஒன்றில் அவன் மகள் பொன்னுருவி முந்தாநாள்தான் பிள்ளை பெற்றுப் படுத்திருந்தாள். கரையை வெட்டினால் அவள் போவாள். வெட்டாவிட்டால் இவன் போவான்.

அரண்மனைக்கு ஓடினான். "மன்னர் மன்னா! தாங்கள் சொன்னது வேட்டிக் கறை. வல்லின றகரம். ஓலையில் இருப்பதோ இடையின ரகரம், ஆற்றின் கரை. ஓர் எழுத்தில் ஓர் ஊரே முழுகிவிடும்!"

"முத்திரை விழுந்தது விழுந்ததுதான்."

"இதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பீரே, விகடரே?" என்றார் திருமேனிநாதர்.

மறுநாள் மண்வெட்டியோடு இருநூறு பேர் கரையில் நின்றார்கள். சுற்றிலும் வெள்ளக்காடு, ஓடி ஒளியப் பக்கத்தில் மேட்டு நிலம் இல்லை. பொன்னுருவி அழக்கூட இல்லை.

"பச்சை உடம்பு, நான் எங்கப்பா போவேன்? வெட்டும்போது ஒரு குரல் கொடுங்க. பிள்ளைய இறுக்கிப் புடிச்சுக்கறேன்."

பாவி மனிதன், ஊரைச் சிரிக்க வைத்த வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அழுதான். வேறு கதியில்லாமல் அந்த ஓலையையே மறுபடி மறுபடி படித்தான். எத்தனையாவது தடவையோ, முதல் வரியின் கடைசிச் சொல்லில் கண் நின்றது.

"வெட்டலாமா சாமி?" என்றார்கள் ஆட்கள்.

"வெட்டாதீங்கடா! கொட்டுங்க! அரண்மனை மேட்டிலேருந்து மண்ணைக் கொண்டாந்து கொட்டுங்க!"

அந்தியில் ராஜா வந்தார். கரை முன்பைவிட இரண்டு மடங்கு அகலமாய்க் கிடந்தது.

"எங்கே நம் ஆணை?"

"நிறைவேற்றிவிட்டேன் மன்னா. கறையை அகற்றினால் போகும். கரையை அகற்றினால் அகலும். அகலமாக்குவதும் அகற்றுவதுதானே? கோல் வைத்து அளந்து கொள்ளுங்கள்."

ராஜா திரும்பினார். "அப்படியொரு பொருள் உண்டா, திருமேனிநாதரே?"

திருமேனிநாதர் தாம் எழுதியதையே மறுபடி படித்துப் பார்த்தார். "உண்டு... மன்னா."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "கேள், என்ன வேண்டும்?"

"அந்தச் சேறு பட்ட வேட்டி. பேத்திக்குத் தூளி கட்ட."

ராஜா இன்னும் பலமாகச் சிரித்து, வேட்டியோடு நூறு பொன்னும் கொடுத்தார். சடையாண்டிக்குத்தான் அன்றைக்குச் சிரிப்பே வரவில்லை. முடிச்சை இரண்டு தடவை இறுக்கித் தூளியைக் கட்டினான்.

எத்தனை துவைத்தும் அந்தக் கறை போகவில்லை. கரையும்தான்.