அந்த நேரத்தில் ரதம் யாருடையது?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று தெரிந்து என்ன ஆகப் போகிறது? அவருக்கு அழுகிற முகத்தைக் கண்டால் ஆகாது. ஒரு நாள் சாப்பாடு செரிக்காத எரிச்சலில், இனி சபையில் யார் குறை சொன்னாலும் சிரித்த முகத்தோடுதான் சொல்ல வேண்டும், கண் கலங்கினால் வழக்குத் தள்ளுபடி என்று உத்தரவு போட்டுவிட்டார்.

அந்த உத்தரவு வந்து விழுந்தது அவருடைய விகடகவி ஆனையப்பன் தலையில். அவன் மனைவி வடிவுக்கு இரண்டு காலும் விளங்காது. அவள் படுத்தபடி போவதற்காகத் தாழ்வாகப் பலகை அடித்து அவனே ஒரு வண்டி செய்திருந்தான். இரண்டு நாள் தூரத்து ஊரில் மகளுக்குத் தலைப்பிரசவம். பிறக்கப்போகும் பிள்ளைக்காகப் பழைய சேலையைக் கிழித்து வைத்த துணிகளோடு மூட்டை கட்டியாயிற்று. விடிந்தால் பயணம். வண்டி வாசலில் வேப்ப மரத்தடியில் தன்பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது. கல்யாண ஊர்வலத்துக்குப் போன மாடு பூட்டிய வாடகை ரதம் ஒன்று தறிகெட்டு வந்து அதன் மேல் ஏறி நின்றது. அச்சு முறிந்தது, பலகை நொறுங்கியது.

ரதத்தை வாடகைக்கு எடுத்த பட்டு வியாபாரியிடம் ஆனையப்பன் போனான். சொந்தக்காரரைப் போய்க் கேள் என்றார் அவர். சொந்தக்காரர் மந்திரி சேனாதிராயர். ராஜா இவன் பேச்சுக்குச் சிரிப்பதைப் பார்த்து வயிறெரிகிற மனுஷன். வாடகைக்கு விட்ட பொழுதில் ரதம் தன்னுடையதல்ல, வியாபாரியையே கேள் என்றார். விசாரணை முடியும்வரை உடைந்த வண்டியில் யாரும் கை வைக்கக் கூடாது என்று காவலும் போட்டார். ஊரில் வாடகை வண்டிகள் எல்லாம் அவருடையவை. இவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நடையாய் நடந்து கால் தேய்ந்ததுதான் மிச்சம். ஒரு தடவை சபையில் வாயைத் திறந்தான். மகள் என்ற சொல் வந்ததும் குரல் உடைந்தது. ராஜா முகத்தைச் சுளித்து வழக்கைத் தள்ளிவிட்டார்.

மழையில் பலகை ஊறி உளுத்தது. வடிவு தினமும் மூட்டையை அவிழ்த்து, துணிகளை மடித்து, மறுபடி கட்டினாள். இருபதாம் நாள் காலையில் மகள் ஊரிலிருந்து ஆள் வந்தான். பிள்ளை பிறந்து ஒரு பொழுதுகூடத் தங்கவில்லையாம்.

"அம்மா வந்துட்டாங்களா, வந்துட்டாங்களான்னு உங்க பொண்ணு கேட்டுக்கிட்டே இருந்துச்சுங்க" என்றான்.

ஆனையப்பன் முகத்தைக் கழுவிக்கொண்டு சபைக்குப் போனான். சிரித்த முகத்தோடு நின்றான்.

"மகாராஜா, இது குறை அல்ல, சந்தேகம். உரியவர் இல்லாத பொருள் யாருக்குச் சேரும்?"

"எவன் வாசலில் கிடக்கிறதோ அவனுக்கு. அதுதானே நம் நாட்டு வழக்கம்?" என்றார் ராஜா.

ஆனையப்பன் கேட்டுக்கொண்டபடி பட்டு வியாபாரியும் மந்திரியும் அழைக்கப்பட்டார்கள். மோதிய நேரத்தில் ரதம் தன்னுடையதல்ல என்று இருவரும் சபையறியச் சத்தியம் செய்தார்கள்.

"அப்படியானால் அந்த நேரத்தில் ரதத்துக்கு உரியவர் எவரும் இல்லை. அது நின்றதோ அடியேன் வாசலில். அப்போதே எனக்குச் சேர்ந்துவிட்டது. மந்திரியார் இருபது நாளாக என் ரதத்தை அல்லவா வாடகைக்கு விட்டு வருகிறார்? களவுக்கு என்ன தண்டனை என்பது அடுத்த சந்தேகம்."

மந்திரி முன்னால் ஓடி வந்தார். ரதம் அன்றைக்கும் என்னுடையதுதான் என்று பதறினார்.

"அப்படியானால் என் வண்டியை உடைத்ததும் தாங்களே" என்றான் ஆனையப்பன்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சபையே சிரித்தது. மந்திரியின் ரதத்தை அப்படியே இவனுக்குக் கொடுக்கச் சொல்லி, தன் கழுத்து முத்துமாலையையும் கழற்றிப் போட்டார்.

"பார்த்தாயா, சிரித்த முகத்தோடு சொன்னால் காரியம் எவ்வளவு சுலபமாக முடிகிறது!" என்றார்.

ஆனையப்பன் அதற்கும் சிரித்தான்.

ரதத்தில் முந்தின நாள் கல்யாணத்துப் பூச்சரம் வாடித் தொங்கியது. அதை அறுத்துப் போட்டுவிட்டு வடிவைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தான். அவள் மூட்டையை அவிழ்த்துச் சின்னத் துணிகளை மட்டும் எடுத்து வாசலில் வைத்தாள். மிச்சத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ராஜா சிரிச்சாரா?" என்று கேட்டாள்.

"சிரிச்சாரு."

ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு, மாட்டைத் தன்போக்கில் விட்டுவிட்டு, ஆனையப்பன் வாய்விட்டு அழுதான்.