கழிவைக் குறைத்த குடைக் கம்பெனி

ஊமத்தம்பட்டிக்காரர்களைப் போல அறிவாளிகள் சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது. இதை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். வேறு யாரும் சொல்ல முன்வரவில்லை, பாவம் என்ன செய்வார்கள்?

அந்த ஊரில் ஒரு குடைக் கம்பெனி. அதற்குப் புது மேஸ்திரி தவசிக்கண்ணு. அவர் பெண்டாட்டி 'மேஸ்திரி வீட்டம்மா' என்று தெரு முழுக்கத் தன்னைத்தானே கூப்பிட்டுக்கொண்டு திரிந்த நேரத்தில்தான் முதலாளி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"யோவ் தவசி, பட்டணத்துக் கடையிலேருந்து ஒரு அம்மா வர்றாங்க. போன வாரத்தைவிட இந்த வாரம் கழிவு குறைஞ்சிருக்கணுமாம். குறைஞ்சா மழைக்கால ஆர்டர் பூரா நமக்குத்தான். இல்லேன்னா கம்பெனிக்குப் பூட்டு. நீயும் மேஸ்திரி இல்லை, ஒண்ணும் இல்லை."

வழி காட்டுவதற்கு டை கட்டிய ஒருவரையும் வரவழைத்தார். அவர் நின்றபடியே சொன்னார்: "ஆள் நடக்கிறது வீண். சரக்கு நிக்கிறது வீண். வெட்டுற துணியில கழிவு விழக் கூடாது." சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். ஏறாமல் இருந்திருக்கலாம்.

"அப்போ டீக்கடைக்கு எப்படிப் போறது மேஸ்திரி?" என்றான் கம்பி மாட்டும் சூசைமுத்து.

தவசிக்கண்ணு நெற்றியைத் தேய்த்தார். "ரெண்டு பேர் போனா ரெண்டு பேர் நடக்கணும். ஒருத்தனை ஒருத்தன் தூக்கிட்டுப் போனா ஒருத்தன்தானே நடக்கிறான்? பாதி மிச்சம்!"

"அடேயப்பா!" என்று கன்னத்தில் கை வைத்தாள் தையல்காரி வள்ளிமயில்.

அன்றிலிருந்து பாதிக் கம்பெனி மீதிக் கம்பெனியின் தோளில் ஏறி டீ குடிக்கப் போனது. சுமந்தவர்கள் திரும்பி வந்து மூச்சு வாங்கிப் படுத்துக்கொண்டார்கள். "படுத்திருக்கிறவன் நடக்கவே இல்லையே" என்று மேஸ்திரிக்கு அதிலும் ஒரு சந்தோஷம்.

அடுத்து சரக்கு. குடோனில் நின்ற குடைகளையெல்லாம் டெம்போவில் ஏற்றி ஊரைச் சுற்ற விட்டார்கள். விடிந்தால் சுற்று, பொழுது அடைந்தால் சுற்று. டீசல் போட வண்டி நின்றாக வேண்டுமே? அந்த நேரத்தில் நாலு பேர் மேலே ஏறிக் குடைகளைக் குலுக்கிக்கொண்டே இருந்தார்கள்.

மிச்சம் துணிதான்.

"வெட்டினாத்தானே கழிவு விழுது? வெட்டாம இருந்துட்டா?" என்றாள் வள்ளிமயில்.

அந்த வாரம் முழுக்க எல்லாரும் கத்தரிக்கோலை மடியில் வைத்துக்கொண்டு சத்தியமாக ஒரு துணியைக்கூட வெட்டவில்லை. கழிவுக்கூடை துடைத்துவைத்த மாதிரி காலி. தவசிக்கண்ணுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த அம்மா வருகிற நாளும் வந்தது. காலையிலேயே சூசைமுத்து ஒரு சந்தேகத்தைக் கிளப்பினான்.

"மேஸ்திரி, கழிவைக் குறைச்சுக் காட்டுங்கன்னா எதைக் குறைக்கிறது? கூடையில ஒண்ணுமே இல்லையே!"

தவசிக்கண்ணு காலிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். மேஸ்திரி வேலை கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. "ஆமாடா... இல்லாததை எப்படிக் குறைக்கிறது?"

"பக்கத்து ஊர்க் கம்பெனியில கொஞ்சம் இரவல் வாங்கலாமா?" என்றாள் வள்ளிமயில்.

"ஐயையோ! அது அவங்க கழிவு. அதைக் குறைச்சா பேர் அவங்களுக்குல்ல போகும்? நம்ம கழிவு நம்ம சரக்கிலேருந்துதான் வரணும்."

நியாயம்தானே என்று எல்லாரும் தலையாட்டினார்கள். டெம்போவை மறித்தார்கள். குடை அத்தனையையும் இறக்கி, சரக் சரக்கென்று வெட்டித் தள்ளினார்கள். குவியல் கூரையைத் தொட்டது.

அந்த அம்மா முதலாளியோடு உள்ளே வந்தார். எல்லாரும் கைகட்டி நிற்க, தவசிக்கண்ணு ஒரு கூடைத் துண்டுகளை அள்ளி வெளியே கொட்டிவிட்டு வந்தார்.

"குறைஞ்சிருச்சும்மா! பாத்தீங்கல்ல?"

"அதெல்லாம் இருக்கட்டும், குடையெல்லாம் எங்கே?"

"இதுதாம்மா," என்று குவியலைக் காட்டினார். அந்த அம்மா விறுவிறுவென்று காரில் ஏறிப் போய்விட்டார்.

முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! நல்ல துணியை வாங்கி, குடையாத் தைச்சு, ஊரைச் சுத்த விட்டு, கடைசியில இப்படி வெட்டித் தள்ளியிருக்கியே! எவ்வளவு வேலை வீணாப் போச்சு! உன்னை இன்னும் மேஸ்திரியா வெச்சிருக்கணுமாய்யா?"

தவசிக்கண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. நின்று யோசித்தார். மெல்ல மெல்ல முகம் தெளிந்தது.

"முதலாளி சொல்றது நூத்துக்கு நூறு சரி. நடுவுல இத்தனை வேலையும் வீண்தான்," என்றவர், சூசைமுத்து பக்கம் திரும்பினார். "டேய், துணி மில்லுக்கு உடனே போன் போடு. இனிமே நமக்குத் துணி வேண்டாம். அங்கேயே கிழிச்சு, நேரா கழிவா அனுப்பிடச் சொல்லு!"