பல்லிக்காக அணைத்த அலாரம்

“வக்கீலம்மா, எவனும் என்னையப் பிடிக்க முடியாத மாதிரி ஒரு ஷரத்து எழுதக் கத்துக்குடுங்க.”

வந்து உட்காருவதற்கு முன்பே செண்பகராமன் இப்படித்தான் ஆரம்பித்தார். கோபத்தில் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. பாளையங்கோட்டையில் கடைகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டிக்கொடுக்கும் கம்பெனி நடத்துகிறார். வக்கீல் ஜெபராணிக்கு முப்பத்து மூன்றுதான். சட்டக் கல்லூரியில் ஒப்பந்தச் சட்டம் நடத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுத் தனியாகப் பலகை மாட்டியிருந்தார். கேட்டதற்குப் பதில் சொல்லமாட்டார், வேலை வைப்பார் என்று ஊரில் அவருக்கு ஒரு பேர் உண்டு. அது தெரிந்துதான் செண்பகராமன் வந்திருந்தார். வேறு போக்கிடம் இல்லை.

“என்ன நடந்துச்சு, அண்ணாச்சி?”

“ஆதிமூலம் முதலாளி நகைக்கடையில திருட்டு. பின்னால ஸ்டோர் ரூம் வழியா ஏறியிருக்கான். அலாரம் அடிக்கல.”

“ஏன் அடிக்கல?”

“அந்த ரூம் சென்சர அணைச்சு வச்சிருந்தோம்.”

“ஏன்?”

செண்பகராமன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். “பல்லி.”

ஜெபராணி சிரிக்கவில்லை.

“சென்சர் கண்ணு மேல பல்லி ஊருது, வக்கீலம்மா. ஊருனா அலாரம் அலறுது. போலீஸ்காரங்க மூணு தடவ வந்துட்டு, நாலாவது தடவ கூப்பிட்டா உம்மையத்தான் உள்ள வைப்போம்னுட்டாங்க. பல்லிய விரட்டுவோம்னா முதலாளி விடமாட்டேங்காரு. அது வந்த பிறகுதான் ஏவாரம் சூடு பிடிச்சுதாம், அதத் தொடக்கூடாதாம். ‘அந்த ரூம மட்டும் அணைச்சு வையும்’னு போன்ல சொன்னாரு. சரிங்க முதலாளின்னு நான் நம்ம டெக்னீஷியன் தங்கப்பழத்துக்கிட்டச் சொன்னேன். அவன் அணைச்சான்.”

“எழுதி வாங்கினீங்களா?”

“ஆறு கடைக்கு அலாரம் மாட்டச் சொன்ன முதலாளி. அவருகிட்ட எழுதிக் குடுங்கன்னு கேக்க முடியுமா?”

அலாரத் தொழிலில் இது எல்லோரும் செய்கிற காரியம். பெரிய மனிதர் போனில் சொல்வார், இவர்கள் தலையை ஆட்டுவார்கள். போனில் ஆட்டும் தலையை யார் பார்க்கப் போகிறார்கள்?

செண்பகராமன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து மேசைமேல் போட்டார். ஆதிமூலத்தின் ஆட்களே டைப் அடித்துக் கொடுத்தது.

“முதலாளி இப்ப, ‘எந்த போனு, என்ன பல்லி’ன்னு கேக்காரு. அணைக்கச் சொன்னது அவருதான்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சிருவான். அதனால தங்கப்பழம் யாரையும் கேக்காம தன்னிஷ்டத்துக்கு அணைச்சுட்டான்னு நான் இதுல கையெழுத்துப் போடணும். போட்டா ஆறு கடையும் என்கிட்டயே இருக்கும். போடாட்டி என் மேல கேஸு. புதன்கிழமை வரைக்கும் தவணை.”

“போட்டா தங்கப்பழம்?”

“போலீஸ் கூட்டிட்டுப் போவும்” என்றார். குரல் சட்டென்று இறங்கிவிட்டது. உடனே அதைத் தூக்கி நிறுத்துவதுபோலத் தன் ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினார். “நான் என்ன ஒண்ணும் தெரியாதவனா? பதினேழாவது ஷரத்துல, திருட்டுப் போனா நாங்க பொறுப்பில்லன்னு போட்டிருக்கேன். காட்டினா அந்த மனுசன் சிரிக்காரு.”

ஜெபராணி அதை வாங்கவில்லை.

“கண்ணாடியக் கழத்துங்க, அண்ணாச்சி.”

“என்னது?”

“கழத்திட்டு அந்தப் பதினேழ வாசிங்க.”

செண்பகராமன் தாளை மூக்கருகே கொண்டுபோனார். கையை நீட்டிப் பார்த்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். தாள் முழுக்க எறும்பு ஊர்ந்தது.

“தெரியல.”

“யாருக்குத் தெரியக்கூடாதுன்னு இப்படி அடிச்சீங்க?”

அவருக்குச் சுள்ளென்று ஏறியது. “எல்லாக் கம்பெனிக்காரனும் இப்படித்தான் அடிக்கான்!”

“பெரிய எழுத்துல அடிச்சுட்டு நாளைக்கு வாங்க” என்று ஜெபராணி அடுத்த கேஸ் கட்டை எடுத்துப் பிரித்தார்.

*

மறுநாள் செவ்வாய்க்கிழமை. நான்கு பக்க ஒப்பந்தம் பத்தொன்பது பக்கமாகியிருந்தது. அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு செண்பகராமன் மாடியேறினார். வண்டி ஓட்டி வந்த தங்கப்பழம் கீழேயே நின்றுகொண்டார். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து கூடவே இருக்கிற டெக்னீஷியன் அவர். இருபது வருஷம் ஆகிறது. அந்தக் கடிதத்தைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது.

“இப்ப நான்தான் ஆதிமூலம் முதலாளி” என்றார் ஜெபராணி. “என் மூஞ்சியப் பாத்து ஒவ்வொண்ணா வாசிங்க. பாத்துச் சொல்ல முடியாததக் கோடு போட்டு அடிச்சிருங்க.”

சொல்லிவிட்டுக் கால்மேல் கால் போட்டு, நாடியைத் தூக்கி, முதலாளி மாதிரியே உட்கார்ந்துகொண்டார். செண்பகராமன் நாற்காலி நுனிக்கு நகர்ந்துகொண்டார்.

“எங்கள் ஊழியரின் கவனக்குறைவால் திருட்டு நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல.”

வாசித்துவிட்டு நிமிர்ந்தார். அந்த நாடி இறங்கவில்லை. செண்பகராமன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

“மூன்றாண்டு முடிந்ததும் இந்த ஒப்பந்தம் தானாகவே மேலும் மூன்றாண்டுக்கு நீளும்.”

“அப்படியா? எனக்கு யாரும் சொல்லலியே” என்றார் ஜெபராணி முதலாளியாக.

“சொன்னா செருப்பக் கழத்துவீரு” என்றார் செண்பகராமன். அதையும் அடித்தார்.

இப்படியே பன்னிரண்டு பக்கம் போனது. பதின்மூன்றாம் பக்கத்தில், வழக்கு எதுவானாலும் எந்த ஊர்க் கோர்ட்டில் நடக்கவேண்டும் என்று இருந்த இடத்தில் செண்பகராமனின் நாக்கு புரளவில்லை.

“இந்த ஊரு எங்க இருக்கு, அண்ணாச்சி?”

“அமெரிக்காவுல இருக்கும்போல.”

“போயிருக்கீங்களா?”

“நான் மதுரையத் தாண்டினதில்ல.” காது சிவந்துவிட்டது. இன்டர்நெட்டில் கிடைத்ததை இறக்கி, பெயரை மட்டும் மாற்றிப் பத்து வருஷமாக ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வாங்கியவரும் வாசிக்கவில்லை, போட்டவர்களும் வாசிக்கவில்லை.

கடைசியில் பத்தொன்பது பக்கத்தில் இரண்டு வரி மிஞ்சியது. அலாரம் அடிக்கும், திருடனைப் பிடிக்காது என்பது ஒன்று. கெட்டுப்போனால் சொன்ன அன்றே வந்து பார்ப்போம் என்பது இன்னொன்று.

“இந்த ரெண்டு வரிய வச்சுக்கிட்டு நான் நாக்க வழிக்கவா?” செண்பகராமன் கத்தினார். “நாளைக்குப் புதன்கிழமை! கெட்டியா ஒரு ஷரத்து கேட்டேன். இருந்ததையும் பிடுங்கிட்டீங்க!”

ஜெபராணி அவர் கத்தி முடிக்கும்வரை பொறுத்தார்.

“முதலாளி குடுத்த லெட்டர் ஒண்ணு பாக்கி இருக்கே. அதையும் வாசிங்க.”

“அதையும் அவரு மூஞ்சியப் பாத்தா? அது அவரு அடிச்சுக் குடுத்ததுதானே?”

ஜெபராணி எழுந்து ஜன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார்.

“தங்கப்பழம் அண்ணே, கொஞ்சம் மேல வாங்க.”

செருப்பை வாசலில் விட்டுவிட்டுத் தங்கப்பழம் உள்ளே வந்தார். இடுப்பில் டெஸ்டர் செருகியிருந்தது. ஆபீஸ் சுவரை ஒரு சுற்று பார்த்தார்.

“இங்கயும் அலாரம் போடணுமா, அண்ணாச்சி? வாசலுக்கு ஒண்ணு, அந்த ஜன்னலுக்கு ஒண்ணு போட்டாப் போதும்.”

செண்பகராமன் கடிதத்தைப் பிரித்தார். இதில் எழுத்து நன்றாகவே தெரிந்தது.

“எங்கள் டெக்னீஷியன்…”

தங்கப்பழம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணாச்சி வாசித்தால் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று கொஞ்சம் முன்னால் வேறு வந்து நின்றார்.

“எங்கள் டெக்னீஷியன்…”

அதற்குமேல் வரவில்லை. செண்பகராமனுக்குக் கண் நிறைந்துவிட்டது. அசிங்கமாக இருந்தது. வீட்டில் மேசைமேல் வைத்து நாலு தடவை இதே கடிதத்தை வாசித்திருந்தார், பேனாவைக்கூடத் திறந்திருந்தார்.

“என்ன பேப்பரு, அண்ணாச்சி?”

“ஒண்ணுமில்ல. நீ போய் வண்டிய எடு.”

தங்கப்பழம் இறங்கிப் போனார். செண்பகராமன் கடிதத்தை மடித்தார்.

“வக்கீலம்மா, செஞ்ச தப்ப எழுத்துல ஒத்துக்கிட்டா என்னாகும்?”

“மாட்டிக்கிடுவீங்க. ஒத்துக்காதீங்கன்னுதான் எந்த வக்கீலும் சொல்லுவாங்க.”

“நீங்க?”

“நானும் வக்கீல்தான்” என்றார் ஜெபராணி. பிறகு கேஸ் கட்டுகளின்மேல் பெயர் எழுத வைத்திருக்கும் தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினார்.

*

புதன்கிழமை காலை, நகைக்கடை மாடியில் ஆதிமூலம் ஏலக்காய் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“வாரும், செண்பகராமன். கையெழுத்துப் போட்டாச்சா?”

“போட்டாச்சு, முதலாளி.”

“அதான பாத்தேன். நீரு விவரமான ஆளு.”

செண்பகராமன் கடிதத்தை மேசைமேல் வைத்தார். முன்பக்கம் ஒரு குறுக்குக் கோடு. அதைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் முழுவதும் கறுப்பு மார்க்கரில் பெரிய பெரிய எழுத்தாக இருந்தது:

பல்லிக்காக சென்சரை அணைக்கச் சொன்னது ஆதிமூலம் முதலாளி. சரி என்றது நான். எழுதி வாங்காதது என் தப்பு. தங்கப்பழம் நான் சொன்னதைச் செய்தார்.
செண்பகராமன்.

ஆதிமூலம் டீயைக் கீழே வைத்தார்.

“இதுல நீரே மாட்டிக்கிடுவீரே, ஓய்!”

“ஆமா.”

“ஆறு கடையும் போயிரும்.”

“போவட்டும்.”

“கோர்ட்டுக்கு இழுப்பேன்.”

“இழுங்க. நம்ம ஊரு கோர்ட்டுதானே, நடந்தே வருவேன். ஸ்டேஷன்லயும் இன்சூரன்ஸ் ஆபீஸ்லயும் இதே மாதிரி ஒவ்வொண்ணு குடுத்துட்டுத்தான் இங்க வாறேன்.”

ஆதிமூலம் நம்பாதவர்போலத் தாளைக் கிட்டே இழுத்துக்கொண்டு, இன்னொரு கையால் மேசையைத் துழாவினார். செண்பகராமன் அங்கே கிடந்த மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்து மேசையின் மறுகோடிக்குத் தள்ளினார்.

“அது வேண்டாம், முதலாளி. சும்மாவே வாசிங்க.”